வில்லன்: எதிராளியா, கொடியவனா?

கதை எழுதும் எல்லோரும் கூசாமல் எடுத்தாளும் சொல் ‘வில்லன்’. வில் ஏந்தியவன் என்று யாரும் பிரித்துப் பார்த்துவிட வேண்டாம். ஆங்கிலம் வழியாக வந்த சொல் இது. அதன் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘வில்லா’ என்றால் பண்ணை வீடு, ‘வில்லானுஸ்’ என்றால் அந்தப் பண்ணையில் பாடுபடுகிற ஆள். பழைய பிரெஞ்சில் ‘விலேன்’ ஆகி, பிரபுக்கள் வாயில் புழங்கிப் புழங்கி, நாட்டுப்புறத்தான், நாகரிகமற்றவன், கெட்டவன் என்று படிப்படியாகக் கீழே இறங்கியது. ஏர் பிடித்தவனின் பெயர் அயோக்கியனுக்குப் பெயரானது. யார் கெட்டவன் என்று முடிவு செய்கிற அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதை இந்தச் சொல்லே காட்டிக்கொடுக்கிறது. நாமோ சொல்லை வாங்கியதோடு நிற்காமல், சீரியல்களுக்காக ‘வில்லி’ என்று பெண்பாலும் உண்டாக்கிக்கொண்டோம்.

இந்தச் சொல் பரவுவதற்கு முன்னால் மேடையில் என்ன சொன்னார்கள்? மதுரை வட்டாரத்தில் நடிகர்களைத் தனித்தனியே அமர்த்தி நடத்தும் ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட் (நாயகன் வேடம்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), கள்ளபார்ட் (கள்வன் வேடம்), பபூன் (கோமாளி) என்பார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கியவர். இளவயதில் அவர் கட்டிய வேடங்களில் எமன், சனீஸ்வரன், இரணியன் எல்லாம் உண்டு. இன்றும் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிற வள்ளி திருமணத்தைப் பாருங்கள். அதில் கொடியவன் என்று ஒருத்தரும் இல்லை. ராஜபார்ட்டான முருகனே வேடனாகவும் கிழவனாகவும் வேஷம் போட்டுத்தான் வள்ளியை ஏமாற்றுகிறார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘நாயகன்’ வடமொழிச் சொல், வழிநடத்துபவன் என்று பொருள். மதுரையை ஆண்ட நாயக்கர்களின் பட்டமும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அதற்குத் தமிழ் ‘தலைவன்’, கதையைப் பற்றிப் பேசும்போது ‘கதைத்தலைவன்’. பெருங்காப்பியம் ‘தன்னிகர் இல்லாத் தலைவனை’ உடையதாக இருக்க வேண்டும் என்கிறது அணி இலக்கண நூலான தண்டியலங்காரம். வில்லனுக்கு ஒரே சொல் போதாது என்பது என் எண்ணம். கதைத்தலைவனுக்கு எதிரே நிற்பவன் ‘எதிராளி’. பஞ்சாயத்திலும் வழக்கிலும் நாம் அன்றாடம் சொல்வதுதான். மனசாரத் தீமை செய்பவன் ‘கொடியவன்’. முன்னது ஒருவன் நிற்கிற இடம், பின்னது அவன் குணம். வில்லன் என்கிற சொல் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது.

இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிய சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்துக்குத்தான் போக வேண்டும். அதன் கோவலன் தன்னிகரில்லாதவனா? மனைவியை விட்டுப் போய், பொருளெல்லாம் தொலைத்து, அவள் சிலம்பை விற்க வந்தவன். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பழியை அவன் தலையில் கட்டுகிறான். கொடியவன் இவன்தான், சந்தேகமே இல்லை. பாண்டியன் நெடுஞ்செழியன் நிலைமை வேறு. அரசன் ஆடல் மகளிரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அரசிக்கு ஊடல், தலைவலி என்று எழுந்து போய்விடுகிறாள். அவளைச் சமாதானம் செய்யப் போகிறவன் காலில், அந்தப்புர வாசலில், பொற்கொல்லன் வந்து விழுகிறான். விசாரணை இல்லை. போகிற போக்கில் ஓர் ஆணை, அவ்வளவுதான். காவலர்களிலேயே ஒருவன் கோவலன் முகத்தைப் பார்த்து, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கிறான். பொற்கொல்லன் பேசிப் பேசி அந்தத் தயக்கத்தைக் கரைக்கிறான். கடைசியில் வெட்டியவன் அறிவில்லாத ஒரு குடிகாரன். இந்த ஒரு கொலையில் எத்தனை பேருக்குப் பங்கு பாருங்கள்!

கண்ணகியின் எதிராளி பாண்டியன். ஆனால் உடைந்த சிலம்பிலிருந்து தன் அரசியின் சிலம்பிலுள்ள முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்ததும் ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லி உயிரையே விடுகிறான். கொடியவன் இப்படிச் சாக மாட்டான். நீதி கேட்ட கண்ணகியோ ஊரையே எரிக்கிறாள். அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடு என்று தீயிடம் அவளே சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதக் கற்பவர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும் என்று உளமாரச் சொல்வேன்.

மதுரை மக்கள் இதற்கு மேலும் ஒரு படி போனவர்கள். மேலமடை பாண்டி கோயிலில் தவக்கோலத்தில் இருக்கும் முனி, தன் பிழைக்காகத் தவம் செய்யும் அந்த நெடுஞ்செழியனே என்பது அங்கே வழங்கும் கதை. கள்வன் என்று மாறுகால் மாறுகை வாங்கப்பட்டதாகக் கதைப்பாடல் சொல்லும் மதுரை வீரன், மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே காவல் தெய்வமாக நிற்கிறார்.

இனி ‘எதிர்நாயகன்’. வில்லனுக்கு இதைச் சிலர் எழுதுகிறார்கள், நாயகனுக்குரிய குணங்கள் இல்லாத கதைத்தலைவனுக்கும் சிலர் எழுதுகிறார்கள். எதிராளி என்ற சொல் கையில் இருக்கும்போது, எதிர்நாயகனை அந்த இரண்டாவது ஆளுக்கே விட்டுவிடலாம். கோவலனைக்கூட அந்த வரிசையில் வைத்துப் படித்துப் பார்க்கலாம்.