எந்த வகை பிரஷர் என்று கேளுங்கள்

"பிரஷர் இருக்கு, மாத்திரை ஓடிக்கிட்டு இருக்கு." பாம்பனிலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் நாளுக்கு நாலு தடவையாவது இது காதில் விழும். என்ன வகை, எதனால் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நோட்டிலும் 150/96 என்று ஓர் எண் மட்டும்தான் இருக்கும். காய்ச்சல் என்றால் டெங்குவா டைஃபாய்டா என்று கேட்கிற நாம், பிரஷரை மட்டும் ஒரே வியாதியாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் அந்த எண்ணே சரிதானா என்று பார்க்க வேண்டும். மேல் எண், இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் இருக்கும் அழுத்தம். கீழ் எண், இதயம் தளர்ந்திருக்கும்போது இருப்பது. ஆஸ்பத்திரியில் அளந்து 140/90 அல்லது அதற்கு மேல் வெவ்வேறு நாட்களில் இரண்டு தடவையாவது வந்தால்தான் பொதுவாக உயர் ரத்த அழுத்தம் என்கிறோம். பஸ்ஸில் நெரிபட்டு வந்து, வெயிலில் சீட்டுக்கு நின்று, உட்கார்ந்ததும் கையை நீட்டினால் எண் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி பேசாமல் உட்கார வேண்டும். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீயும் பீடியும் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் எண் கூடும். கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். தொங்கவிட்டால் கூடுதலாகக் காட்டும். வலை இழுத்து உரமேறிய மேற்கைக்கு வழக்கமான பட்டை சிறியது. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வராவிட்டால், இல்லாத பிரஷரையும் கருவி காட்டிவிடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து சராசரி எடுப்பது நல்லது. முதல் தடவை இரண்டு கையிலும் பார்ப்பது அவசியம். ஏன் என்பது பின்னால் வரும்.

இப்படி முறையாக அளந்தால் சிலருக்கு ஆஸ்பத்திரியில் மட்டும் 150, வீட்டில் 125 என்று இருப்பது தெரியவரும். அது வெள்ளைக்கோட்டு பிரஷர். உடனே மாத்திரை தேவைப்படாமல் போகலாம், ஆனால் வருடா வருடம் பார்த்துவர வேண்டும். இதற்கு நேர்மாறானது மறைந்த பிரஷர்: டாக்டர் முன்னால் சரியாக இருக்கும், வீட்டிலும் வேலையிலும் ஏறிக்கிடக்கும். புகைப்பவர்களிடமும் இரவுத் தூக்கம் கெட்டவர்களிடமும் இது அதிகம். இரண்டையும் பிரித்தறிய, வீட்டில் மேற்கைக் கருவியால் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதினால் போதும். வீட்டு அளவில் வரம்பு 135/85.

பெரும்பாலானவர்களுக்கு வருவது முதல்நிலை உயர் ரத்த அழுத்தம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இதுதான். தனியாக ஒரு காரணத்தைச் சுட்ட முடியாது. பரம்பரை, வயது, தொந்தி, சாராயம், உடலசைவு இல்லாத வேலை, உப்பு எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. இந்தக் கரையில் உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது சமமாக வழித்த ஒரு தேக்கரண்டி. குழம்பு, சோறு, சட்னி, ஊறுகாய் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நன்றாக உப்பிட்டு உலர்த்திய சுறா, திருக்கை, சீலாக் கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம். 30 கிராம் துண்டு ஒன்றைச் சுட்டுப் பழைய சோற்றோடு சாப்பிட்டால் 3 கிராம் அங்கேயே முடிந்தது. கூட ஒரு மோர்மிளகாயும் அப்பளமும் சேர்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு மிச்சமே இல்லை. கருவாட்டை அறவே விடு என்று இங்கே சொல்வது நடக்காத காரியம், சொல்பவர் பேச்சைக் கேட்பதையும் விட்டுவிடுவார்கள். உப்புப் போடாமல் வெயிலில் மட்டும் காயவைத்த நெத்திலியை வாங்கலாம். உப்புக் கருவாடு என்றால் வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இன்னொரு தண்ணீரில் அலசி, குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல் வைக்கலாம். உப்பு முழுக்கப் போய்விடாது, கணிசமாகக் குறையும்.

"உப்பைக் குறைச்சிட்டேன், இப்ப கல்லுப்புதான்" என்பார்கள். வாலிநோக்கம் உப்பளத்துக் கல்லுப்பு, இந்துப்பு, பாக்கெட் தூள் எல்லாம் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். பலருக்கு அது நல்லதுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் எனலாப்ரில், டெல்மிசார்ட்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிரஷர் மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊர்களில் அதையே குடித்துச் சமைத்தால் அந்தச் சோடியமும் கணக்கில் ஏறும். கடலில் வேர்த்துக் கொட்டுகிறதே என்றால், வேர்வைக்கு முதலில் ஈடுசெய்ய வேண்டியது தண்ணீர்.

அறுபதைத் தாண்டியவர்களிடம் 170/74 என்று மேல் எண் மட்டும் ஏறியிருக்கும். பெருந்தமனி நெகிழ்வை இழந்து இறுகியதால் வருவது. கீழ் எண் நல்லாத்தானே இருக்கு என்று விட்டால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். இவர்களை எழுந்து நிற்கவைத்தும் அளக்க வேண்டும். நின்றதும் மேல் எண் 20 இறங்கினால் மாத்திரையை மெதுவாகத்தான் கூட்ட முடியும். இல்லாவிட்டால் விடியற்காலையில் கழிப்பறைக்கு எழுந்து, விழுந்து இடுப்பு முறிவார்கள். முப்பது, நாற்பது வயது ஆண்களிடம் 132/96 என்று கீழ் எண் மட்டும் ஏறியிருப்பது இன்னொரு வகை. எடையும் குடியும் குறைந்தால் பெரும்பாலும் இறங்கும்.

காரணம் கண்டுபிடிக்க முடிந்ததை இரண்டாம்நிலை உயர் ரத்த அழுத்தம் என்கிறோம். எண்ணிக்கையில் குறைவு, தவறவிடப்படுவது அதிகம். முப்பது வயதுக்குள் வந்தால், கட்டுப்பாட்டில் இருந்தது திடீரென்று எகிறினால், நீர்மாத்திரை (சிறுநீரைக் கூட்டும் மருந்து) உட்பட மூன்று மருந்தை முழு அளவில் ஒழுங்காகப் போட்டும் இறங்காவிட்டால் தேடியாக வேண்டும். முகமும் காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்தால் சிறுநீரகம். கால் தசை தளர்ந்து ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும் ஆல்டோஸ்டெரோன் என்னும் ஹார்மோன். அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955இல் விவரித்த நோய் இது. படபடப்பு, வேர்வை, தலைவலி மூன்றும் அலை அலையாக வந்து போனால் அதே சுரப்பியில் கட்டி. பெரிதாகக் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி வழிந்தால் தூக்கத்தில் மூச்சுத்தடை. இளம்பெண்ணுக்கு ஒரு கையில் 170, மறு கையில் 110 என்று வந்தாலோ நாடியே கிடைக்காவிட்டாலோ டக்காயாசு என்னும் ரத்தக்குழாய் அழற்சியை நினைக்க வேண்டும். இரண்டு கையிலும் பாருங்கள் என்றது இதற்காகத்தான்.

இதைவிட அடிக்கடி பார்ப்பது மருந்தால் வரும் பிரஷர். நாளெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நின்று, முங்கிக் கடல்பாசி எடுக்கும் பெண்களும், வலை இழுக்கும் ஆண்களும் முதுகுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் வாங்கித் தினமும் போடுகிறார்கள். இந்த வகை வலிமாத்திரை சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், பிரஷர் மருந்தின் வேலையையும் கெடுக்கும். டாக்டர் மூன்றாவது மருந்து எழுதுவார், வலிமாத்திரையைப் பற்றி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மூக்கடைப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை, இருமலுக்கு நாள்கணக்கில் மெல்லும் அதிமதுரம் இவற்றுக்கும் இதில் பங்குண்டு.

மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டும் முன் இன்னொரு கேள்வி: போடுகிறாரா? மீன்துறை அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனால் மறுநாள்தான் கரை. "மாத்திரை போட்டா போட்டுல அடிக்கடி ஒண்ணுக்கு வருது" என்று நிறுத்துபவர்கள் உண்டு. அது பெரும்பாலும் நீர்மாத்திரையாக இருக்கும். டாக்டரிடம் சொன்னால் நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார். அம்லோடிபின் உடம்பில் ஒரு நாளுக்கு மேல் தங்கும், வேளை கொஞ்சம் தள்ளினாலும் தாங்கும். குளோனிடின், அட்டெனலால் அப்படியல்ல, சட்டென்று நிறுத்தினால் பிரஷர் திருப்பி அடிக்கும். ரமலான் நோன்பு வைப்பவர்கள் மாதம் பிறக்கும் முன்பே போய், எது சஹரில், எது நோன்பு திறந்தபின் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கர்ப்பத்தில் 20 வாரத்துக்குப் பிறகு 140/90 வந்து, சிறுநீரில் புரதமும் போனால் அது தனி வகை. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தாலோ, 160/110ஐத் தொட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. முன்பே எனலாப்ரில், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் எடுத்துவந்த பெண், நாள் தள்ளியது தெரிந்ததுமே டாக்டரைப் பார்த்து லேபெட்டலால் போன்றதற்கு மாற வேண்டும்.

180/120க்கு மேல் வந்து, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய்க்கோணல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் 108. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கோ வாய்க்கோணல் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான். ஒத்தடம், கை வைத்தியம் என்று அதைச் செலவழிக்கக்கூடாது. அறிகுறி ஒன்றும் இல்லாமல் எண் மட்டும் ஏறியிருந்தால் அமைதியாக உட்கார்ந்து மறுபடி அளந்து, அன்றே டாக்டரைப் பாருங்கள். யார் சொன்னாலும் நிஃபெடிபின் மாத்திரையை உடைத்து நாக்குக்கு அடியில் வைக்க வேண்டாம். பிரஷர் மளமளவென்று சரிந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போய்விடும். புறப்படும்போது பிரஷர் நோட்டையும், வலிமாத்திரை உட்பட வீட்டில் கிடக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் அள்ளிப் போட்டு எடுத்துப் போங்கள்.