நோயாளியோடு வருபவரிடம் நான் கேட்கும் கேள்வி

முதியோர் மருத்துவப் பிரிவில் என் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் நோயாளி உட்காருவார். மற்றதில் அவரை அழைத்து வந்த மனைவியோ மகளோ மருமகளோ. பணியில் சேர்ந்த புதிதில் முதல் நாற்காலியை மட்டுமே பார்த்தேன். இப்போது மருந்துச் சீட்டு எழுதி முடித்ததும் கூட வந்தவரிடம் கேட்கிறேன்: "ஓர் இரவு முழுக்க நீங்கள் தூங்கி எவ்வளவு நாளாகிறது?"

பலருக்கு உடனே கண் கலங்கிவிடுகிறது.

ஐம்பதைக் கடந்த ஒரு மருமகளை மறக்க முடியவில்லை. மாமியாருக்கு மறதி நோய். அதோடு இடுப்பெலும்பும் முறிந்து படுத்த படுக்கை. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எட்டு மாதமாக அலாரம் வைத்து எழுந்து, ஒற்றை ஆளாய்ப் புரட்டியிருக்கிறார். மாமியாரின் முதுகில் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. மருமகளின் இரத்த அழுத்தமோ 180/110. தன் மாத்திரையை நிறுத்தி ஆறு வாரமாகியிருந்தது. வாங்கப் போகும் நேரத்தில் மாமியார் அருகில் இருக்க ஆளில்லை.

கொழுந்தனாரும் நாத்தனாரும் வெளியூரில். மாதம் தவறாமல் பணம் வந்தது. "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள் அண்ணி" என்று போனும் வந்தது. நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் என்ன வேண்டும் என்று யோசித்து, தயங்கித் தயங்கிக் கேட்கும் வேலையும் அவர் தலையில்தான் விழுகிறது. "வருகிற வெள்ளிக்கிழமை நான் வருகிறேன், நீங்கள் நான்கு நாள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்வாருங்கள்" என்பதுதான் உதவி. நாத்தனாரிடம் நானே பேசினேன். மறுமாதத்திலிருந்து வந்தார். முதல் முறை அம்மா வீட்டில் பதினொரு மணி நேரம் தூங்கியதாக மருமகள் என்னிடம் சொன்னபோது, ஏதோ தப்புச் செய்துவிட்டவரைப் போலத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வரும் உதவியும் இருக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்குச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பிசியோதெரபிஸ்ட் வரும்போது, தோளைப் பிடித்து இழுக்காமல் அடியில் மடித்து விரித்த போர்வையைக் கொண்டு புரட்டும் முறையைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். முதுகுவலியோடு என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இதை யாருமே காட்டித் தந்ததில்லை. முதியோருக்கான வழிகாட்டுதலுக்கு 14567 என்ற இலவச எண் இருக்கிறது.

அந்த வீட்டில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மாமியாரின் சேமிப்பு முழுவதும் அவர் பெயரில் மட்டும். கை நடுங்கிக் கையெழுத்து வராதவர்களுக்கு வங்கி கைரேகை வாங்கிக்கொள்ளும். நினைவு போய்விட்டால் அந்த வழி இல்லை. "பவர் எழுதி வாங்கிவிடலாமா?" என்று மகன் கேட்டார். புரிந்து எழுதிக்கொடுக்கும் நிலையை அம்மா தாண்டியிருந்தார். முன்பே எழுதியிருந்தாலும், எழுதிக்கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் பவர் பத்திரம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். பிறகு உயர்நீதிமன்றத்தை அணுகித்தான் பாதுகாவலராக நியமனம் பெற வேண்டும். கணக்கில் நம்பகமான ஒருவரை முன்பே கூட்டாகச் சேர்த்திருந்தால் மருத்துவச் செலவுக்கு அலைந்திருக்க வேண்டாம்.

மறதி நோயின் தொடக்கத்தில் பலரால் தெளிவாக முடிவெடுக்க முடியும். அந்தக் காலத்தைக் குடும்பங்கள் பேசாமலே கடத்திவிடுகின்றன. கடைசிக் கட்டத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் அங்கீகரித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும்.

இந்தப் பேச்சை அபசகுனம் என்று அஞ்சுகிறவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்தான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் எதிரிலேயே மகனை எழுதச் சொன்னார். "குழாய் எதுவும் வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்." மகன் தலை நிமிராமல் எழுதினார். அந்த அம்மா இரண்டாவது நாற்காலியில் இருந்த மருமகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் பென்ஷனில் ஓர் ஆள் வையுங்கள் என்றும் எழுது. இவள் ஒருத்தியே என்னைத் தூக்கக் கூடாது."