ஆவாரம்பூ டீ குடிங்க, ஆனா மாத்திரைய நிறுத்தாதீங்க

போன மாசம் ஒரு அம்மா செக்கப்புக்கு வந்தாங்க, வயசு 58, ரொம்ப வருஷமா சுகர், வெறும் வயித்துல பாக்குற ஃபாஸ்டிங் சுகர் எப்பவும் 130, 140ல நிக்கும், அன்னைக்கு பாத்தா 286. மாத்திரை போடுறீங்களாம்மான்னு கேட்டா கொஞ்சம் தயங்கி, "ரெண்டு மாசமா விட்டுட்டேன் டாக்டர், ஆவாரம்பூ டீ தான் குடிக்கிறேன்"ன்னாங்க. கசக்காதான்னு கேட்டேன். "கருப்பட்டி தட்டிப் போட்டுக்குவேன், அது வெள்ளைச் சர்க்கரை இல்லையே!"

கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாமே ரத்தத்துல சர்க்கரைய ஏத்தும்ங்க.

ஆவாரை பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோன்னு சொல்ற ஊர்ல தான் நானும் வளந்தேன், மூலிகைய குறை சொல்ல மனசு வராது, சுகருக்கு குடுக்குற மெட்ஃபார்மின் மாத்திரையோட மூலமே ஐரோப்பால வளர்ற ஒரு செடி தான். ஆனா மாத்திரைல 500 மில்லிகிராம்னு போட்டிருந்தா உள்ள அவ்ளோ இருக்கும், ஒரு கைப்பிடி பூவ கொதிக்க வச்சா டம்ளர்ல எவ்ளோ மருந்து இறங்குச்சுன்னு எப்படி கணக்கு போடுறது?

சுகருக்குன்னு சொல்ற இன்னொரு மூலிகை சிறுகுறிஞ்சான், அந்த இலைய மென்னுட்டு வாயில சர்க்கரைய போட்டு பாருங்க, மணல் மாதிரி இருக்கும். அந்த இலைல இருக்குற ஜிம்னெமிக் அமிலம் நாக்குல இனிப்பு தெரியாம கொஞ்ச நேரம் மறைச்சிடும். ஸ்வீட்டுக்கு நாக்கு அலையுறவங்களுக்கு நல்லது தான், ஆனா நாக்குக்கு தெரியலன்னா ரத்தத்துக்கும் தெரியாதுன்னு நெனச்சு லட்டுவ எடுத்துடாதீங்க.

என்னோட அனுபவத்துல இந்த டீயால வர்ற பெரிய லாபம் வேற. ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு 5 கிராம்னு வச்சாலே 40 கிராம் ஆச்சு, அந்த எடத்துல இனிப்பே இல்லாம ஆவாரம்பூ டீயோ கொய்யா இலை டீயோ வந்தா அதுவே பெரிய விஷயம்.

இன்சுலின், கிளிமெபிரைட் மாதிரி மருந்து எடுக்குறவங்க மட்டும் உஷாரா இருங்க, கூடவே சிறுகுறிஞ்சான் பொடி, வெந்தயம்னு அள்ளிப் போட்டா சுகர் 70க்கு கீழ போயிடலாம், கை நடுங்கி வேர்த்து கொட்டுச்சுன்னா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சு குடிங்க. கிட்னி, லிவர் பிரச்சனை இருக்குறவங்க கேக்காம எந்தப் பொடியும் தொடவே வேண்டாம்.

அந்த அம்மா நேத்து மறுபடி வந்தாங்க, மாத்திரைய ஒழுங்கா போடுறாங்க, ஃபாஸ்டிங் 152, நான் கேக்கறதுக்கு முன்னாடியே பையிலருந்து அந்த ஆவாரம்பூ பாக்கெட்ட எடுத்து டேபிள்ல வச்சாங்க, "கருப்பட்டி இல்லாம தான் குடிக்கிறேன்"னு.