மெயின் டேங்கில் எரிபொருள் இருந்தும் இன்ஜின் நிற்பது எப்படி?

பறப்பதைக் கணினியில் அப்படியே காட்டும் ஃப்ளைட் சிமுலேட்டர் மென்பொருளில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்களில் பலர் எரிபொருளை ஒரே எண்ணாகத்தான் பார்க்கிறார்கள். மெனுவில் 300 கிலோ நிரப்பினால் அது தீரும்வரை பறக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. இரட்டை இன்ஜின் ஹெலிகாப்டரில் இது செல்லாது. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்த டேங்கில் இருக்கிறது என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. இந்த இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுகிற சிமுலேட்டரைத்தான் நல்ல சிமுலேட்டர் என்று சொல்வேன்.

போலீஸ், ஆம்புலன்ஸ் வேலைகளுக்குப் பல நாடுகளில் பறக்கும் ஈசி135 ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். கேபினின் தரைக்கு அடியில் பெரிய மெயின் டேங்க் இருக்கிறது. அதை ஒட்டி இரண்டு சிறிய சப்ளை டேங்குகள், இன்ஜினுக்கு ஒன்றாக. இன்ஜின்கள் மெயின் டேங்கிலிருந்து நேராக ஒரு சொட்டுகூட எடுப்பதில்லை. மெயின் டேங்கில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இருக்கும் டிரான்ஸ்ஃபர் பம்புகள்தான் சப்ளை டேங்குகளுக்கு எரிபொருளை அனுப்புகின்றன. வீட்டில் சம்ப் நிறையத் தண்ணீர் இருந்தாலும், மோட்டார் போடாவிட்டால் மாடித் தொட்டி காலியாகி, குழாயில் காற்றுதானே வரும்? அதே கதைதான்.

இன்ஜின்கள் குடிக்கும் வேகத்தைவிட இந்தப் பம்புகள் வேகமாக அனுப்பும். மிஞ்சியது வழிந்து மெயின் டேங்குக்கே திரும்பிவிடும். அதனால் எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை சப்ளை டேங்குகள் நிறைந்தே இருக்கும், மெயின் டேங்க் மட்டும் குறைந்துகொண்டு வரும். மெயின் டேங்கில் எரிபொருள் இருக்கும்போதே சப்ளை அளவு இறங்கினால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். சப்ளை டேங்குகளில் பிரைம் பம்ப் என்று வேறு ஒரு வகையும் உண்டு. அது இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு. ஸ்டார்ட் ஆனபிறகு இன்ஜினின் சொந்தப் பம்பே உறிஞ்சிக்கொள்ளும், பிரைம் பம்பை அணைத்துவிடுவார்கள்.

சரி, டிரான்ஸ்ஃபர் பம்ப் ஏன் இரண்டு? ஒன்று பழுதானால் இன்னொன்று உதவும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஹெலிகாப்டரின் சாய்வு. ஒரே இடத்தில் மிதக்கும்போது மூக்கு சற்று உயர்ந்திருக்கும். மெயின் டேங்கில் குறைவாக இருந்தால் அது பின்பக்கம் சேர்ந்து, முன் பம்ப் வறண்டுவிடும். முன்னோக்கிப் பறக்கும்போது மூக்கு தாழ்வதால் பின் பம்ப் வறளும். வறண்டு ஓடும் பம்புக்கு எச்சரிக்கை விளக்கு எரியும், விமானி அதை அணைப்பார். பறக்கும் விதம் மாறும்போது ஞாபகமாக மீண்டும் போட வேண்டும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

2013 நவம்பர் 29 இரவு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒரு போலீஸ் ஈசி135, கிளத்தா என்ற மதுக்கூடத்தின் கூரைமேல் விழுந்தது. ஹெலிகாப்டரில் இருந்த 3 பேரும் கட்டடத்தில் இருந்தவர்களில் 7 பேரும் இறந்தார்கள். பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 2015-இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் மனம் கனத்துவிடும். மெயின் டேங்கில் 76 கிலோ எரிபொருள் இருந்தது. இன்னும் 20 நிமிடமாவது பறக்க அது போதும். ஆனால் ஒரு சப்ளை டேங்க் முழுக்கக் காலி, மற்றதில் 0.4 கிலோ. டிரான்ஸ்ஃபர் பம்புகள் இரண்டும் ஆஃபில் இருந்தன, பிரைம் பம்புகள் ஆனில் இருந்தன. ஒரு இன்ஜின் நின்று 32 நொடியில் அடுத்ததும் நின்றது.

இதையெல்லாம் சிமுலேட்டர் எப்படிச் செய்கிறது? ஒவ்வொரு டேங்கும் ஒரு எண், ஒவ்வொரு பம்பும் ஒரு விதி. இன்ஜின் மணிக்கு 100 கிலோ எரிக்கிறது, கணக்கு நொடிக்கு 120 தடவை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் அந்த இன்ஜினின் சப்ளை டேங்கிலிருந்து கால் கிராமுக்கும் குறைவாகக் கழியும். அப்புறம் பம்பின் முறை. சுவிட்ச் ஆனில் இருக்கிறதா, மின்சாரம் வருகிறதா, பம்பின் வாய் மூழ்கியிருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் மெயினில் கழித்துச் சப்ளையில் கூட்டு. கொள்ளளவைத் தாண்டியதை மெயினுக்கே திருப்பு. டேங்குகளின் எடை மாறும்போது ஹெலிகாப்டரின் ஈர்ப்பு மையத்தையும் நகர்த்து.

இதில் கடினமானது பம்ப் மூழ்கியிருக்கிறதா என்ற கேள்விதான். மூக்கின் சாய்வுக் கோணத்தை மட்டும் வைத்து முடிவு செய்வது சுலபம், ஆனால் அது தவறு. டேங்கில் இருக்கும் திரவத்துக்கு அடிவானம் தெரியாது, தன்மேல் விழும் விசைதான் தெரியும். மூக்கைத் தாழ்த்தி வேகமெடுக்கத் தொடங்கும் நேரத்தில் காற்றின் தடை குறைவு. ஹெலிகாப்டரைத் தள்ளுவது ரோட்டரின் விசை, அது கேபின் தரைக்கு ஏறக்குறைய செங்குத்தாக இருக்கிறது. ஆகவே மூக்கு நன்றாகத் தாழ்ந்திருந்தும் எரிபொருள் மட்டம் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகவே நிற்கும். வேகம் ஒரே அளவில் நிலைத்து, காற்றின் தடை முழுதாக எதிர்த்து நிற்கும்போதுதான் எரிபொருள் முன்பக்கம் சேரும். முடுக்கத்தையும் கணக்கில் எடுக்கும் மாடல் மட்டுமே இதைச் சரியாகக் காட்டும். உருவாக்குபவர்களின் அக்கறை எனக்குத் தெரிவது இந்த இடத்தில்தான்.

உங்கள் சிமுலேட்டரை நீங்களே சோதிக்கலாம். ஃப்ளைட்கியர் போன்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு டேங்கின் அளவையும் பட்டியலில் நேரடியாகப் பார்க்க முடியும். சீரான வேகத்தில் பறந்துகொண்டு டிரான்ஸ்ஃபர் பம்புகள் இரண்டையும் அணையுங்கள். மெயின் அளவு அப்படியே நிற்க வேண்டும், சப்ளை மட்டும் இறங்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் எரிபொருள் குறைவு எச்சரிக்கை வர வேண்டும். எல்லா டேங்குகளும் ஒன்றாக இறங்கினால் உள்ளே இருப்பது ஒரே எண்தான். அடுத்து, மெயினில் கொஞ்சமே இருக்கும்போது பின் பம்பை மட்டும் போடுங்கள். சப்ளை ஏறக்கூடாது, பம்பின் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். முன் பம்பைப் போட்டதும் சப்ளை ஏறத் தொடங்க வேண்டும்.