லாங்ஹவுஸ் என்றால் நெடுமனை

வட அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்றான மோஹாக் மக்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் 'லாங்ஹவுஸ்' என்பதை 'நீண்ட வீடு' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிழையில்லை, ஆனால் போதாது. மோஹாக் மொழியில் அது ஏறத்தாழ 'கனொன்செஸ்'. 'நொன்ஸ்' வீட்டைக் குறிக்கும் வேர். ஈற்றில் வரும் 'எஸ்' நீளத்தைக் குறிக்கும். ('மோஹாக்' என்பதே அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்தான். தங்களை அவர்கள் 'கனியென்கெஹாகா' என்பார்கள்: சிக்கிமுக்கிக்கல் நாட்டார்.)

இன்றைய நியூயார்க் மாநிலத்தின் மோஹாக் ஆற்றங்கரையில் இருந்த இவ்வீடுகளின் அகலமும் உயரமும் சுமார் 6 மீட்டர். நீளம் 20 மீட்டரும் இருக்கும், 60 மீட்டரையும் தாண்டும். 1634 டிசம்பரில் ஒனெகஹொன்கா என்ற ஊருக்குப் போன டச்சுக்காரர் வான் டென் போகார்ட் அங்கே 36 வீடுகளைக் குறித்திருக்கிறார். சில 100 தப்படி நீளம்.

கம்பங்கள் நட்டு, இளங்கம்புகளை வளைத்துக் கூரை கட்டி, மேலே எல்ம் மரப்பட்டை வேய்வார்கள். வேலையின் சூட்சுமம் பட்டையில்தான். இளவேனிலில் மரத்தில் சாறு ஓடும்போது உரித்தால் பலகைபோல் முழுசாகக் கழன்று வரும். நாள் தள்ளினால் மரத்தோடு ஒட்டிக்கொண்டு கிழியும். உரித்ததை அப்படியே காயவிட்டாலும் சுருண்டுவிடும். அதனால் தட்டையாகப் பரப்பி, மேலே கல்லோ கட்டையோ பாரம் வைப்பார்கள். பிறகு கீழிருந்து மேலாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்கி, பாஸ்வுட் மரத்தின் உள்பட்டை நாரால் கட்டி, வெளியிலிருந்தும் கம்பு கொடுத்து இறுக்குவார்கள்.

உள்ளே நடுவில் நடைபாதை. அதில் சுமார் 6 மீட்டருக்கு ஓர் அடுப்பு. எதிரெதிர்த் திண்ணைகளில் இருக்கும் இரண்டு குடும்பங்களுக்கு அது பொது. திண்ணை தரையிலிருந்து ஓரடி உயரம், அதற்கு மேலே சாமான் பரண். புகை போகக் கூரையில் திறப்பு உண்டு. மழைக்கும் பனிக்கும் அதை மூடினால் புகை உள்ளேயே தங்கிக் கண்ணைக் கரிக்கும். காய்ந்த பட்டை சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால், சோளத்தில் ஒரு பகுதியை வெளியே பட்டை பரப்பிய குழிகளில் புதைத்து வைப்பதும் உண்டு.

வீடு பெண்வழிக்கு உரியது. கல்யாணமானதும் கணவன்தான் மனைவி வீட்டுக்குப் போவான். குடும்பம் பெருகினால் வீட்டின் ஒரு முனையைத் திறந்து நீட்டிக் கட்டுவார்கள். கரடி, ஓநாய், ஆமை என்ற மூன்று குலங்களில் இது எந்தக் குலத்து வீடு என்பதை வாசலுக்கு மேலுள்ள குறி சொல்லும்.

'நெடுமனை' என்பதை நான் விரும்புவது இதனால்தான். தமிழில் 'மனை' வீட்டையும் குறிக்கும், மனைவியையும் குறிக்கும். 'நீண்ட வீடு' வெறும் அளவைத்தான் சொல்கிறது. அதைப் படிக்கிறவர் இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயனை நினைத்துக்கொள்ளவும் கூடும். லயனில் குடும்பத்துக்கொரு தடுப்புச் சுவர், தனி வாசல். நெடுமனையிலோ இரு முனையிலும் வாசல், எல்லாருக்கும் பொது.

இச்சொல்லுக்கு இன்னும் இரண்டு பொருள் உண்டு. ஐந்து இனங்களின் கூட்டமைப்பான ஹௌடெனொசௌனி தன்னையே ஒரு நெடுமனையாகக் கருதியது: கிழக்கு வாசல் காவல் மோஹாக்குகளுக்கு, மேற்கு வாசல் செனெகாக்களுக்கு, நடு அடுப்பு ஒனொண்டாகாக்களுக்கு. இன்று அக்வெசாஸ்னே, கஹ்னவாகே போன்ற மோஹாக் ஊர்களில் லாங்ஹவுஸ் என்றால் குடியிருப்பு அல்ல; சடங்கும் ஊர்க்கூட்டமும் நடக்கும் மண்டபம். 'அவர் லாங்ஹவுஸ்காரர்' என்று வந்தால் 'நெடுமனை நெறியினர்' என்றுதான் எழுத வேண்டும். 'நீண்ட வீட்டில் குடியிருப்பவர்' என்றால் பொருளே மாறிவிடும்.