பாதாள ராஜ்யத்துல ராத்திரி சாப்பாடு என்ன?

ஃபேன்டஸி கதை எழுத உக்கார்ற நிறைய பேரு முதல்ல முடிவு பண்றது தாடி எவ்ளோ நீளம், காது எவ்ளோ கூர், கோடாலி எத்தனை கிலோங்கிறதைத்தான். குள்ளர் இனம்னா மலைக்கு அடியில பெரிய ராஜ்யம், ஆயிரங்கால் மண்டபம், எந்நேரமும் எரியுற கொல்லன் உலை, குடும்பம் குட்டியோட லட்சம் பேர். எல்லாம் ஜோராத்தான் இருக்கு, ஆனா அந்த லட்சம் பேருக்கும் சோறு எங்கிருந்து வருதுன்னு கேட்டா கதை அங்கயே முட்டிக்கிட்டு நின்னுடும். கலாச்சாரம்னு ஒண்ணைத் தனியா ரூம் போட்டு யோசிக்கவே வேணாங்க, சாப்பாடு, காத்து, வெளிச்சம் இந்த மூணுக்கும் அந்த இனம் என்ன விலை குடுக்குதுன்னு பாத்தாலே போதும், சாமி, சாதி, சண்டை, பாட்டு எல்லாம் அதுலேருந்தே முளைக்கும்.

"காளான் வளப்பாங்க"ன்னு உடனே ஒரு பதில் வரும். சரி, கணக்கு போடுவோம். சாதாரண பட்டன் காளான் 100 கிராம்ல சுமார் 22 கலோரிதான். ஒரு ஆளுக்கு நாளைக்கு 2,000 கலோரி வேணும்னா 9 கிலோ காளான் திங்கணும், சம்மட்டி அடிக்கிற ஆளுன்னா இன்னும் கூடவே. அதை விடப் பெரிய சிக்கல், காளான் செடி மாதிரி தன் சாப்பாட்டைத் தானே தயாரிக்காது, வைக்கோல், மரத்தூள், சாணின்னு ஏதாவது ஒண்ணை மக்க வெச்சுத்தான் வளரும், அந்த வைக்கோல் வெயில்ல விளைஞ்சது. ஆக சூரியன் கொல்லைப்புறமாவாவது உள்ள வந்தே ஆகணும்.

வெயிலே இல்லாம ஒரு உலகம் ஓடவே ஓடாதான்னா, ஓடும். ருமேனியாவுல மோவிலேன்னு ஒரு குகை, 1986ல தோண்டும்போது தற்செயலா மாட்டுச்சு, அதுக்கு முன்னாடி பல லட்சம் வருஷமா வெளியுலகத் தொடர்பே இல்ல. உள்ள இருக்கிற பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன் இதுங்களை வெச்சே எனர்ஜி எடுக்குது, அதைத் தின்னு சிலந்தி, அட்டை, பூரான்னு ஒரு கூட்டமே பொழைக்குது. ஆனா அங்க பெரிய ரவுடியே பூரான்தான், அதுவும் சில சென்டிமீட்டர் நீளம்தான், காத்துல ஆக்சிஜனும் ரொம்பக் கம்மி. இந்த பட்ஜெட்ல சம்மட்டி தூக்குற ஆளுங்க ராஜ்யம் நடத்த முடியாது.

அப்ப குள்ளருக்கு மேல வயல் இருக்கணும், இல்ல வயல் வெச்சிருக்கிறவன்கூட வியாபாரம் இருக்கணும். இந்த ஒரு வரியில மொத்த அரசியலும் வந்துடுச்சு பாருங்க, ஊருக்கே இரும்பு சப்ளை பண்ற கெத்தான இனம், ஆனா அறுவடை பொய்ச்சுதுன்னா மேல இருக்கிற விவசாயி கால்ல விழணும்.

நிஜத்துல இதுக்கு கிட்ட வர்றது துருக்கியில கப்படோக்கியா பக்கம் இருக்கிற டெரிங்குயு. எரிமலைச் சாம்பல் இறுகின மிருதுவான பாறை, சாதாரண கருவியாலயே குடையலாம். சுமார் 85 மீட்டர் ஆழத்துக்கு மாடி மாடியா, 20,000 பேர் வரைக்கும் தங்கியிருக்கலாம்னு ஒரு மதிப்பீடு. 1963ல ஒருத்தர் வீட்டு வேலைக்கு சுவத்தை இடிச்சப்ப பின்னாடி வழி திறந்துச்சாம். அங்க தொழுவம் இருக்கு, தானியக் கிடங்கு இருக்கு, திராட்சை பிழியற இடம் இருக்கு, வயல் மட்டும் இல்ல, ஏன்னா அது நிரந்தரக் குடியிருப்பு இல்ல, அரபுக்காரங்களுக்கும் பைசாண்டிய (கிழக்கு ரோம) பேரரசுக்கும் நடந்த சண்டை மாதிரியான நேரத்துல மேல இருக்கிற சனம் ஆடுமாட்டோட இறங்கி ஒளிஞ்ச இடம். வாசலுக்கு வட்டமான கல்லு, உள்ள இருந்து மட்டும்தான் உருட்டி மூட முடியும், ஒவ்வொரு மாடியையும் தனித்தனியா அடைச்சுக்கலாம். இப்படி ஒரு ஊர்ல வளர்ற பிள்ளைக்கு வீரம்னா வாள் வீசறதா இருக்காது, கல்லை எப்ப மூடணும், வெளிய மாட்டிக்கிட்டவனுக்காக எவ்ளோ நேரம் காத்திருக்கணும்ங்கிற முடிவுதான் வீரமா இருக்கும்.

அடுத்தது காத்து. அடுப்புக்கரி எரிச்சா கார்பன் மோனாக்சைடு வரும், நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, சத்தமில்லாம ஆளைக் கொன்னுடும். அதனால மலையோட நட்ட நடுவுல உலை வைக்கவே முடியாது, வைக்கிற இடம் குகை வாய்ப்பக்கம், இல்ல பெரிய காத்துக் கிணத்துக்கு அடியில. அப்ப கொல்லனுங்கதான் வெளியாளுங்களை தினம் பாக்கிறவங்க, ரெண்டு மொழி பேசறவங்க, உள்ள இருக்கிறவன் முழுசா நம்பாதவங்க! போலந்துல வியெலிச்கா உப்புச் சுரங்கத்துல மீத்தேன் சேர்ற இடங்களுக்கு தீப்பந்தத்தை நீளக் கம்புல கட்டிக்கிட்டு, ஈரத்துணி போத்தி, தவழ்ந்து போயி வாயுவை எரிச்சுவிட சில பேர் இருந்தாங்க, அவங்களுக்கு பேரே "பாவ மன்னிப்பு தேடுறவங்க"ங்கிற அர்த்தத்துல. அதே சுரங்கத்துல தொழிலாளிங்க உப்புப் பாறையையே செதுக்கி 100 மீட்டர் ஆழத்துல தேவாலயம் கட்டியிருக்காங்க. பொலிவியாவுல பொடோசி வெள்ளிச் சுரங்கத்துல இன்னமும் மேல வந்தா மாதா, கீழ போனா கொம்பு வெச்ச "எல் தியோ", அவருக்கு சிகரெட்டு, கோக்கா இலை, சாராயம் படையல். ஆபத்து எங்க இருக்கோ சாமி அங்கதான் குடியேறுது.

மூணாவது வெளிச்சம், அது இல்லன்னா நேரமே தெரியாது. இந்த நேரம்தான் எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம். 1962ல மிஷேல் சிஃப்ர்னு ஒரு பிரெஞ்சு ஆளு, நிலத்தியல் படிச்சவர், ஆல்ப்ஸ் பக்கம் ஒரு குகையில ரெண்டு மாசம் கடிகாரம் இல்லாம தனியா இருந்தார். செப்டம்பர் 14 அன்னிக்கு வெளிய வான்னு கூப்பிட்டப்ப அவரோட கணக்குல ஆகஸ்ட் 20 தான் ஆகியிருந்துச்சு, கிட்டத்தட்ட 25 நாள் காணோம். ஒருத்தருக்கே இப்படின்னா லட்சம் பேருக்கு? பொழுது விடிஞ்சுதுன்னு யாராவது மணி அடிச்சு சொன்னாத்தான் உண்டு, அப்ப ராஜாவை விட மணி அடிக்கிறவன் பெரிய ஆளு, கலகம் பண்றவன் முதல்ல பிடிக்க வேண்டியது கஜானாவை இல்ல, மணிக்கூண்டை.

உடம்புக்கு ரெண்டு வரி போதும். இந்தோனேசியாவுல ஃப்ளோரஸ் தீவுல 2003ல கிடைச்ச மனித இனம் சுமார் 106 சென்டிமீட்டர் உயரம்தான், சாப்பாடு கம்மியான தீவுல தலைமுறை தலைமுறையா உடம்பு சுருங்கிடுச்சுங்கிறது பல ஆராய்ச்சியாளர்கள் சொல்ற விளக்கம், அதனால குள்ளர் குள்ளமா இருக்கிறது நியாயம்தான். பெரிய பெரிய கண்ணு மட்டும் வேணாம், சுத்தமா வெளிச்சமே இல்லாத இடத்துல கண்ணு தண்டச் செலவு, மெக்சிகோ குகை மீனு அதைத் தொலைச்சே போட்டுடுச்சு.

இதுக்கெல்லாம் ஒரு செக்லிஸ்ட் வேணும்னா வேற எங்கயும் தேட வேணாம், தொல்காப்பியத்துல கருப்பொருள்னு இருக்கே, தெய்வம், உணா (சாப்பாடு), மா (விலங்கு), மரம், புள் (பறவை), பறை, செய்தி (தொழில்), யாழ். ஒவ்வொரு திணைக்கும் இதை நிரப்பிக்கிட்டே வருவாங்க. பாதாளத்தையும் ஒரு திணையா வெச்சு நிரப்பிப் பாருங்க, முக்கால்வாசி ஏற்கனவே சொன்னதுலயே வந்துடுச்சு. புள்ளுன்னா கூண்டுல கேனரி, விஷவாயு வந்தா மனுஷனுக்கு முன்னாடி அது சுருண்டு விழும், பிரிட்டன் சுரங்கங்கள்ல 1986 வரைக்கும் வெச்சிருந்தாங்க. மரம்ங்கிற இடம் மட்டும் காலி. மரம் இல்லன்னா யாழும் இல்ல, இருந்தாலும் மேல இருந்து காசு குடுத்து வாங்கின பணக்காரன் வீட்டு சாமான். அப்ப சாதாரண சனத்துக்கு கல்லுதான் வாத்தியம், நெல்லையப்பர் கோயில் இசைத்தூணைத் தட்டினவங்களுக்கு கல்லு பாடும்னு சொல்லவே வேணாம். ஆனா எதிரொலி அடங்காத குகையில வேகமா பாடினா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து குழம்பிடும், அதனால பாட்டெல்லாம் இழுத்து இழுத்து மெதுவாத்தான் இருக்கும், மேல சந்தைக்கு வர்ற குள்ளன் நம்ம குத்துப்பாட்டைக் கேட்டா காதைப் பொத்திக்குவான்.