ஸ்டென்ட் 'அடைச்சுக்கிச்சு': உறைவா, மறுகுறுக்கமா?

"வெச்ச ஸ்டென்ட் மறுக்கா அடைச்சுக்கிச்சுங்க" என்பது கோவை, ஈரோடு பக்கம் அடிக்கடி காதில் விழும் பேச்சு. அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்க உள்ளே வைக்கும் சிறு வலைக்குழல்தான் ஸ்டென்ட். மருத்துவத்தில் இந்த ஒரே 'அடைப்பு'க்குள் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன: த்ரோம்போசிஸ் (ரத்தம் உறைவது), ரீஸ்டெனோசிஸ் (குழாய் மறுபடி குறுகுவது).

ஸ்டென்டும் ஸ்டெனோசிஸும் ஒரே வேரில் பிறந்தவைபோல ஒலிக்கும். உறவே கிடையாது. ஸ்டெனோஸ் என்றால் கிரேக்கத்தில் 'குறுகிய'; முன்னால் ஒட்டிய 'ரீ' லத்தீன். ஸ்டென்ட் என்பதோ ஓர் ஆளின் பெயர். சார்லஸ் ஸ்டென்ட் என்ற ஆங்கிலேயப் பல் மருத்துவர், 19ஆம் நூற்றாண்டில் பல் அச்செடுக்க ஒரு பசைப்பொருளைச் செய்தார். முதல் உலகப்போரில் ஒட்டுத்தோலை அசையாமல் பிடித்துவைக்க அது பயன்பட்டது. பிறகு உடலுக்குள் எதையும் தாங்கி நிற்பதற்கெல்லாம் அந்தப் பெயரே நிலைத்தது. மனித இதயக் குழாயில் முதலில் வைத்தது 1986இல்.

நம்மூரில் 'ஸ்பிரிங்' என்பார்கள், அது பொருந்தாது. ஸ்பிரிங் தானாக விரியும். இதய ஸ்டென்டை உள்ளே பலூன் ஊதித்தான் விரிக்கிறார்கள். பலூனை எடுத்த பின்பும் விரிந்தபடியே நிற்கும். 'வலைக்குழல்' என்பதே சரியான படம் தரும்.

த்ரோம்போசிஸுக்கு 'உறைவு' போதும். வலைக்குழலின் கம்பிமேல் உடலின் மெல்லிய உள்தோல் படரும்வரை, ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள்தான். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதில் ஒட்டிக் கட்டியாகலாம். 24 மணி நேரத்துக்குள் வந்தால் உடனடி உறைவு, 30 நாளுக்குள் குறுங்கால உறைவு, ஓராண்டுக்குள் தாமத உறைவு, அதற்கும் அப்பால் மிகத் தாமத உறைவு. வலைக்குழல் முழுதாக விரியாததும், குழாய்ச் சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விட்டதும் காரணமாகலாம். ஆனால் வீட்டில் நடக்கும் பெரிய தவறு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்துவது. ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் போன்ற இன்னொன்றும் சேர்த்து, மாரடைப்புக்கு வைத்தவர்களுக்கு வழக்கமாக 12 மாதம், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் 6 மாதம். ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்களுக்கு மருத்துவர் குறைப்பதுண்டு. பல் பிடுங்கணும் என்று தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். பல் பிடுங்கிய இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியோ தையல் போட்டோ ரத்தத்தை நிறுத்தலாம். இதயக் குழாயில் உறைந்ததை அப்படிச் சமாளிக்க முடியாது. திடீரென்று நெஞ்சு இறுகி வியர்த்துக் கொட்டினால் 108தான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ரீஸ்டெனோசிஸ் என்பது 'மறுகுறுக்கம்'. போர்த்தண்ணி ஓடும் குழாயில் உப்புப் படிந்து வாய் சிறுத்துக்கொண்டே போகுமே, வேகத்தில் இது அப்படி. படிவது உப்பல்ல, காயம்பட்ட சுவரிலிருந்து அளவுமீறி வளரும் தசை. குழலின் உள்விட்டம் பாதிக்குமேல் குறுகினால் இந்தப் பெயர். பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல வரும். முன்பு மூச்சுவாங்காமல் ஏறிய படியில் பழைய நெஞ்சுவலி திரும்பும். வெறும் உலோக வலைக்குழலில் இது அதிகம். மருந்து பூசியது வந்தபின் வெகுவாகக் குறைந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கும், நீளமான, ஒல்லியான குழல்களுக்கும் வாய்ப்பு கூடுதல். மருந்து பூசிய பலூன், இன்னொரு வலைக்குழல், சிலருக்குப் பைபாஸ் என்று வழிகள் உண்டு.

தசை வளர்ச்சியைத் தடுக்கும் அதே மருந்துதான் உள்தோல் படர்வதையும் தாமதப்படுத்துகிறது. மருந்து பூசியதை வைத்தவர்கள் இரட்டை மாத்திரையில் கறாராக இருக்க வேண்டியது அதனால்தான்.